கீழிருந்து மேலே போகும் வீடு

பொங்கலுக்கு வந்திருந்த மகள், ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். அது மடியில் நிற்கவில்லை. சோற்றுத் தட்டு இரண்டை அருகருகே வைத்த அகலம், நல்ல கனம். உள்ளே முழுக்கப் படம். படங்களுக்கு நடுவே எறும்பு ஊர்வது போல ஆங்கில எழுத்து. அந்த எழுத்துகளின் மேலெல்லாம் அவள் மஞ்சள் காகிதத் துண்டுகளை ஒட்டி, பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

"இத முழுசாப் படிச்சிருங்கப்பா. முடிச்சதும் போன் பண்ணுங்க. உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்."

"கேக்குறத இப்பவே கேளேன்."

"படிச்சாத்தான் கேப்பேன்."

சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

என்னைப் போன்ற ஆளிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. மழை வந்து நாற்று அழுகிவிடுமோ என்றும், மழை வராமல் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிடுவார்களோ என்றும் ஒரே நேரத்தில் பயப்படுகிறவன் நான். அவளுக்கு வயது இருபத்தாறு. பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில் வரையத் தொடங்கியவள், இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் படம் வரைகிறாள். தனி அறை, தனிச் சமையல். வேலையை விட்டுவிட்டாளா, உடம்புக்கு ஏதாவதா, இனி ஊருக்கே வரப்போவதில்லையா என்று எனக்கு வரிசையாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

என் மனைவிக்கு அந்தக் குழப்பம் இல்லை. "எவனையாவது புடிச்சிருக்குன்னு சொல்லப் போறா. அதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய பொஸ்தகம்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போய்விட்டாள்.

வீட்டில் அதைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அறுப்பு வந்துவிட்டது. அறுத்த நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டி டோக்கன் வாங்கிய பிறகுதான் நேரம் வந்தது. அங்கே போனவர்களுக்குத் தெரியும். வரிசை வர நான்கு நாளும் ஆகலாம், எட்டு நாளும் ஆகலாம். அதுவரை அவரவர் நெல்லுக்கு அவரவர்தான் காவல். வெயில் வந்தால் காலால் கிளறி விட வேண்டும், மேகம் வந்தால் படுதா போட்டு மூட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். நான் புத்தகத்தை உரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

போய் நெல்லைக் கொட்டி முடித்த பிறகுதான் பக்கத்துக் குவியல் யாருடையது என்று பார்த்தேன். என் அண்ணனுடையது.

எனக்கும் அவருக்கும் பேச்சு நின்று பதினேழு வருஷம். நிலத்தகராறு. பிறந்த வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பாதியில் அவரும் இந்தப் பாதியில் நானுமாக இருக்கிறோம். தேர்தல் வந்தால் அவர் பக்கத்து வெளிச்சுவரில் ஒரு கட்சியின் சின்னம் எழுதுவார்கள், என் பக்கத்தில் இன்னொரு கட்சியின் சின்னம். எனக்கு என் பக்கத்துக் கட்சியின் மேல் பெரிய பற்று ஒன்றும் கிடையாது. அவர் அதில் இருந்ததால் நான் இதில் இருந்தேன்.

எழுந்து வேறு இடம் போக முடியாது. கொட்டிய நெல்லை அள்ளவா முடியும்? அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன்.

பையனாக இருந்தபோது மன்னார்குடியில் வாடகைக்கு எடுத்து எவ்வளவோ படக்கதை படித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அதை விடவில்லை. அவற்றில் ஒரு பெட்டிக்குள் துப்பாக்கி வெடித்தால் அடுத்த பெட்டியில் ஒருவன் விழுவான். இதில் யாரும் விழவில்லை. பனி பெய்யும் ஏதோ ஓர் ஊர். ரயில் நிலையத்தை ஒட்டி உயரமான ஒரு வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஒரு அக்கா, ஒரு தம்பி. அப்பா இறந்த பிறகு வீட்டை விற்பதா வேண்டாமா என்று இருவருக்கும் மனத்தாங்கல் வருகிறது. பெரிய சண்டையாகவும் இல்லை. அக்கா கீழ்த்தளத்தில் இருந்துகொள்கிறாள். தம்பி மாடிக்குப் போய்விடுகிறான். அதற்குப் பிறகு முழுப் புத்தகமும் அவ்வளவுதான். அவள் தேநீர் போடுவாள், அவன் மேலே நடப்பான். ஒரு பக்கம் முழுக்க ஒரே சமையலறையைப் பன்னிரண்டு முறை வரைந்திருந்தார்கள். சன்னல் வெளிச்சம் மட்டும் மெல்ல நகர்கிறது. அவள் தலையைத் தூக்கி மோட்டுவளையைப் பார்க்கிறாள், மேலே சத்தம் கேட்கிறதா என்று. மகள் அந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டில், "இதுல பேச்சே இல்லப்பா, மெதுவா பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

மெதுவாகத்தான் பார்த்தேன். இரண்டு குவியல் தள்ளி நெல் போட்டிருந்த என் மாமா முறைக்காரர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, எல்கேஜியில சேந்துட்டியா? பொம்மப் புக்கு பாக்குற."

"ஆமாங்க மாமா. உங்க பேரன் பக்கத்துலதான் எடம் போட்டுருக்காங்க."

மூட்டை தூக்கும் ஒருவர், தோளில் சாக்கோடு குனிந்து பார்த்தார். "இந்த ஆளு ஏண்ணே எல்லாப் பெட்டியிலயும் சும்மாவே உக்காந்திருக்கான்?"

"தெரியலப்பா. இன்னும் படிக்கல."

"டோக்கன் வாங்கியிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் திடீரென்று மேகம் கறுத்துத் தூறல் விழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளின் புத்தகம், அதுவும் பென்சில் எழுத்து. தோள் துண்டை எடுத்து அதன்மேல் சுற்றி, சாக்கில் திணித்து, சாக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுதாவை இழுத்தால், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. படுதாவின் மறுமுனையை ஒரு கை பிடித்தது. அண்ணனின் கை. இருவருமாக இழுத்து மூடினோம். நான்கு மூலையிலும் அவரே கல்லைத் தூக்கி வைத்தார். அவருடைய குவியல் ஏற்கெனவே மூடியிருந்தது. எதையும் முன்கூட்டியே செய்கிறவர் அவர்.

போகும்போது என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "பொஸ்தகத்துக்குத் துண்டப் போத்திட்டு நெல்ல நனைய வுடுறவன இப்பத்தான் பாக்குறேன்."

பதினேழு வருஷத்தில் என் காதில் விழும்படி அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

மூன்றாம் நாள் புத்தகத்தின் கடைசிக்கு வந்தேன். அங்கே இரண்டு பக்கத்தையும் சேர்த்து அந்த வீட்டைக் குறுக்கே வெட்டிய மாதிரி வரைந்திருந்தது. மேலே கூரையடி, நடுவில் மாடி, கீழே சமையலறை. ஒவ்வோர் அறைக்குள்ளும் சின்னச் சின்னப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி மெல்லிய கோடு. நெல்மணி அளவு ஆட்கள், முகம் தெரியாது. எழுத்தும் கிடையாது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்ததும் பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் எல்லா வயலுக்கும் தனி வாய்க்கால் இருக்காது. ஆற்றிலிருந்து மேல் வயலுக்குத் தண்ணீர் வரும், அது நிறைந்து அடுத்த வயலுக்கு வழியும், அதிலிருந்து அடுத்ததற்கு. கோடுகளைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கூரையடிதான் தலைமடை என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் பாய்வது போல ஒவ்வொரு பெட்டியாகக் கீழே இறங்கினேன். மேலே ஒரு கிழவர் தனியாகப் படுத்திருக்கிறார். பிறகு எழுந்து உட்காருகிறார். படியில் கால் வைக்கிறார். நடு மாடியில் ஒரு கதவு சாத்தியிருக்கிறது, அடுத்த பெட்டியில் திறந்திருக்கிறது. கடைசியில், கீழ் மூலையில், சமையலறை மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். அக்காவும் தம்பியும் பேசிவிட்டார்கள், குழந்தைகள் பேரப்பிள்ளைகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டேன்.

"முடிச்சிட்டேன்மா. நல்ல கதை. கடைசியில ஒன்னா உக்காந்து சாப்புட்டாங்க பாரு, அதுதான் வேணும்."

"எங்கப்பா சாப்புடுறாங்க?"

"அந்தப் பெரிய படத்துல. கீழ் மூலையில."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பா, அது கடைசி இல்ல. அதுதான் மொதல். அவங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளையா இருந்தப்ப, அவங்கப்பா அம்மாவோட. அந்தப் பக்கத்தக் கீழேருந்து மேல படிக்கணும். கடைசியாத்தான் அந்தத் தம்பி கெழவனாகி மேல தனியா படுத்திருப்பாரு."

நான் மடியில் இருந்த படத்தை மறுபடியும் பார்த்தேன். கீழிருந்து மேலே போனேன். சாப்பிடுகிறார்கள். கதவு திறந்திருக்கிறது, அப்புறம் சாத்திவிடுகிறார்கள். படியில் ஒரு கால் மேலே போகிறது. உட்கார்ந்திருக்கிறவர் படுக்கிறார்.

"நீங்க படிச்ச மாதிரி இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மகள். "அவங்க அப்படி வரையலப்பா."

"சரி, கேக்கணும்னு சொன்னியே, கேளு."

"நம்ம வீட்ட வரையணும். இது மாதிரி ஒரு பொஸ்தகமா."

"நம்ம வீட்டுல என்னம்மா இருக்கு?"

"சுவர் இருக்கே."

அவளே சொன்னாள். சுவர் வைத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அண்ணன் மகள் அவளைவிட ஒரு வயது மூத்தவள். அதுவரை இருவரும் ஒரே பாயில் தூங்கியவர்கள். "அக்கா அந்தப் பக்கம் சத்தமா வாய்ப்பாடு சொல்லும்ப்பா. தப்பா சொன்னா நான் இந்தப் பக்கம் மெதுவா திருத்துவேன். அதுக்குக் கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் திருத்துவேன்."

இவ்வளவு நாளும் இதை என்னிடம் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"எனக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒன்னு, நீங்க சரின்னு சொல்லணும். சண்டையையும் சேத்துத்தான் வரைவேன். இன்னொன்னு, பெரியப்பா பக்கத்த நான் பாக்கணும். இப்ப எனக்குப் பாதி வீட்டத்தான் வரைய முடியுது. நீங்கதான் பெரியப்பாகிட்ட கேக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அண்ணனிடம் பேசுவதைவிட வேறொன்றை நினைத்துத்தான் எனக்குப் பயம். அண்ணனுக்குத் தெரிந்த ஒன்று என் மகளுக்குத் தெரியாது.

அவளுக்கு நாங்கள் சொல்லி வளர்த்த கதை இதுதான்: பெரியப்பா நிலத்தை அமுக்கப் பார்த்தார், அப்பா போராடி வாங்கினார். நடந்தது அப்படி இல்லை. எங்கள் அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். அவர் இறந்தபோது எனக்குப் பதினாலு வயது, அண்ணனுக்கு இருபது. நிலத்துக்காரர் எங்களை வெளியேற்ற ஆள் அனுப்பினார். அண்ணன் வயலை விட்டு நகராமல் நின்று, சட்டப்படி குத்தகைப் பதிவைத் தன் பேரில் வாங்கினார். நான் அப்போது மைனர், என் பேரை எழுத முடியாது. பல வருஷம் கழித்து நிலத்துக்காரர் சமரசத்துக்கு வந்து பாதி நிலத்தை எங்களுக்கே எழுதிக் கொடுத்தார். பட்டாவும் அண்ணன் பேரில்தான் வந்தது. என் பங்கைக் கேட்டேன். "தர்றேன், கொஞ்சம் பொறு" என்றார். வேறு யாராக இருந்தாலும் பொறுத்திருப்பார்கள். என் தலைக்குள் அது 'தர மாட்டேன்' என்று கேட்டது. ஒரு வாரம் தூக்கமில்லை. பொய் ஆவணம் காட்டி என்னை ஏமாற்றிவிட்டார் என்று அவர்மேல் தாசில்தாருக்கு மனு எழுதிப் போட்டேன். பொய் ஆவணம் எதுவும் இல்லை என்பது, அதை எழுதும்போதே எனக்குத் தெரியும். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய் நின்றார். அடுத்த மாதமே அந்த நிலத்தில் பாதியை என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கொத்தனாரைக் கூட்டிவந்து சுவர் வைத்தார்.

மகள் அந்தப் பக்கம் போனால் இதைக் கேட்பாள். அவர் சொல்லிவிடுவார்.

நான்காம் நாள் காலையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெல்லைக் கிளறினார். டீ குடித்தார். மகளிடம் 'பெரியப்பா ஒத்துக்கல' என்று ஒரு பொய் சொன்னால் இந்தத் தொல்லை முடிந்தது என்றும் தோன்றியது. புத்தகத்தைச் சாக்கில் வைக்கும்போது பிரிந்து அந்தப் பெரிய படம் தெரிந்தது, மேலே படுத்திருக்கிற கிழவரோடு. எழுந்து போனேன்.

"அண்ணே."

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. "ம்."

"பாப்பா உங்க பக்கத்து வீட்ட ஒரு தடவ பாக்கணுங்குது. வரையறதுக்கு. பொஸ்தகம் போடப் போவுதாம்."

"எம் பக்கம் என்னடா இருக்கு? ரெண்டு அறை, ஒரு கொல்லை."

"அதத்தான் பாக்கணுங்குது."

காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "நீ நாலு நாளா முழிச்சு முழிச்சுப் பாக்குறியே, அது என்ன கதை?"

"அக்கா தம்பி கதைண்ணே. ஒரே வீட்டுல இருந்துகிட்டே பேசாம இருக்காங்க."

"எத்தன வருஷம்?"

"நாப்பது இருக்கும்."

"நம்மள விட மோசம்" என்றார். அதற்குள் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவர் அவருடைய டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார். சாக்கை உதறிக்கொண்டே சொன்னார்: "வரச் சொல்லு. முன்னாடி சொல்லிட்டு வரச் சொல்லு. சும்மா வந்து நின்னா ஒங்க அண்ணி என்னயத்தான் வைவா, வீடு கூட்டலன்னு."

மாசியில் ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். காலை ஒன்பது மணிக்கு நோட்டு, பென்சில், அளக்கிற டேப் எல்லாம் எடுத்துக்கொண்டு வாசல் வழியாக இறங்கி, பத்தடி நடந்து, அடுத்த வாசலில் ஏறினாள். நானும் என் மனைவியும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பேச்சுக் குரல் கேட்டது, சொல் விளங்கவில்லை. ஒரு தடவை அண்ணி சிரிப்பது கேட்டது. மதியம் மீன் வறுக்கும் வாசனை வந்தது. என் மனைவி, "இங்க வச்ச கொழம்ப நாமதான் திங்கணும்" என்றாள். மூன்று மணிக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். மகள் எந்த முகத்தோடு வருவாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தாள். நோட்டைத் தரையில் விரித்தாள். முழு வீடும் அதில் இருந்தது. சுவர் நடுவில் ஒரு தடித்த கோடு.

"இங்க பாருங்கப்பா. உங்க கட்டில் இது. பெரியப்பா கட்டில் இது. நடுவுல ஒம்பது அங்குலம்தான். ரெண்டு பேரு தலைமாடும் ஒரே எடம்."

"தெரியும்" என்றேன். "விடியக்காலம் இருமுவாரு. ஒருநாள் இருமல் கேக்கலன்னா எனக்கு வேல ஓடாது."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சம்மணம் போட்டாள்.

"எதுக்குச் சண்டைன்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். 'அத ஒங்கப்பன்கிட்ட கேட்டுக்க'ன்னுட்டாங்க. அதுக்கு மேல ஒன்னும் சொல்லல."

பழைய கதையையே மறுபடி சொல்லிவிட முடியும். அண்ணன் அதற்கும் இடம் விட்டுத்தான் பேசியிருந்தார். நான் தண்ணீர் கேட்டேன், குடித்தேன். பிறகு சொன்னேன். குத்தகைப் பதிவு, பட்டா, அவர் 'பொறு' என்றது, நான் எழுதிய மனு, அதில் இருந்த பொய், எல்லாவற்றையும். என் மனைவிக்கே பாதிதான் தெரியும். சொல்லி முடிக்கும்வரை மகள் முகத்தை நான் பார்க்கவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"மனு எங்க உக்காந்து எழுதினீங்க?"

"அரிசிப் பானைக்குப் பக்கத்துல. அங்கதான் வெளிச்சம்."

"அம்மா எங்க இருந்தாங்க?"

"கொல்லையில."

"பெரியப்பா தாலுக்கா ஆபீஸுக்கு எந்தச் சட்டையில போனாங்க?"

"வெள்ளச் சட்ட. கல்யாணத்துக்குப் போடுறது."

"செருப்பு போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாரு. உள்ள போறப்ப வெளியில கழட்டி வச்சுட்டுப் போனாரு. யாரும் கழட்டச் சொல்லல. ரெண்டையும் சேத்து, ஓரமா வச்சுட்டுப் போனாரு. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கெடந்துச்சு."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எதிர்ல டீக்கடை. அங்க நின்னு பாத்துகிட்டிருந்தேன்."

அவள் நோட்டின் புதுப் பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஆபீஸ் இங்க இருக்குன்னு வச்சுக்குங்க" என்றாள். "டீக்கடை எந்தப் பக்கம்?"